நான் எறிந்த சிவப்புக் காய்

அண்ணே,

இன்று காலை சட்டைக்குப் பொத்தான் தேடிப் பழைய தகர டப்பாவைக் கவிழ்த்தேன். பொத்தான்களோடு அந்தச் சிவப்பு மாஜாங் காயும் விழுந்தது. சட்டையை ஓரமாகப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குவைத்தில், ஃபஹாஹீல் கேம்ப்பில் வெள்ளிக்கிழமை மதியங்களில் நாம் நாலு பேர்: ஜப்பான் எஞ்சினியர், பிலிப்பினோ ஸ்டோர்கீப்பர், யாழ்ப்பாணத்து ஃபோர்மேன் நீங்கள், மன்னார்குடிக்காரன் நான். ரம்மியைத் தவிர ஒன்றும் தெரியாத நமக்கு எஞ்சினியர்தான் மாஜாங் சொல்லித் தந்தார். வெறும் புள்ளிக் குச்சிகள்தான் பந்தயம். அதற்கே நான் தோற்றால் ராத்திரிச் சாப்பாடு வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்.

ஒரு நாள் எஞ்சினியர் வெள்ளைக் காய்கள் மூன்று ஒரு செட், பச்சையில் மூன்று ஒரு செட் என்று எல்லோரும் பார்க்க விரித்து வைத்திருந்தார். சிவப்பும் சேர்ந்தால் ஆட்டத்திலேயே பெரிய கை. எறியாதே என்பதுபோல் நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். எனக்கு உதவாத காய்தானே என்று நான் சிவப்பை எறிந்தேன். அவர் அள்ளிக்கொண்டார். அடுத்த சுற்றில் நீங்கள் எறிந்த ஏதோ ஒரு காயில் ஜெயித்தும்விட்டார். வழக்கமாகக் கடைசிக் காயை எறிந்தவர்தான் முழுப் புள்ளியும் தரவேண்டும். இந்தப் பெரிய கைக்கு மட்டும், மூன்றாவது செட்டுக்குக் காய் கொடுத்தவனும் பாதி தரவேண்டும் என்றார்.

“கடைசிக் காய நான் எறியலையே! இது என்ன அநியாயம்?” என்று குதித்தேன்.

“எறிஞ்சது நான்தான். ஆனால் வழி விட்டது நீ. பாதி பாதி. கோவிக்காதை” என்று சிரித்தபடி உங்கள் குச்சிகளை எண்ணி வைத்தீர்கள்.

அந்த ஜூலையில் ஒரு மதியம், ஸ்டோருக்குப் போய் வால்வு எடுத்து வருவது என் டூட்டி. வெளியே நெருப்பாய்க் கொதித்தது. ஏசி அறையை விட்டு எழ மனமில்லை. “அண்ணே, தலை வெடிக்குது. நீங்க போறீங்களா?” என்று பொய் சொன்னேன். நீங்கள் பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு போனீர்கள். எதிர்ப்பக்கமாக வந்த லாரி உங்களைத் திருப்பித் தரவில்லை.

தப்பு முழுக்க லாரிக்காரன் மேல் என்றது போலீஸ். “உன் மேல என்னடா தப்பு?” என்றார்கள் அறையில் எல்லோரும். அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்புக் காயை எடுத்து ஒளித்தேன். ஒரு காய் குறைந்தாலும் ஆட முடியாது. எஞ்சினியர் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

நீங்கள் போனபோது கைக்குழந்தையாக இருந்த உங்கள் மகள் வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள்: “மாமா, அப்பா அண்டைக்கு ஏன் போனவர்?” “டூட்டிம்மா” என்பேன்.

இன்று காயைக் கையில் வைத்துக்கொண்டு நானே அவளுக்கு ஃபோன் போட்டேன். அது என் டூட்டி என்று சொன்னேன். தலைவலி பொய் என்றும் சொன்னேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“நீங்கள் அப்பிடிச் சொன்ன உடன அப்பா என்ன சொன்னவர்?”

“‘நீ படு. நான் போட்டு வாறன்.’ அவ்வளவுதாம்மா.”

அவள் அழுதாள். அப்புறம், “மாமா, அதை இன்னொருக்கா சொல்லுங்கோ” என்றாள்.

உங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் உங்களைப் போல எனக்குச் சொல்ல வராது, அண்ணே. ஆனாலும் சொன்னேன். லாரிக்காரன் தன் பாதியை ஜெயிலில் கழித்துவிட்டுப் போனான். என் பாதி என்னிடம்தான் இருக்கிறது.