எட்டேகால் வகுப்பு

மச்சான்,

இன்று காலை பீடக் கூட்டத்தில் ஒருவர் 'நிலைபேறான போக்குவரத்து' என்று திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். பேனை தேடிக் களிசான் பொக்கற்றுக்குள் கை விட்டேன். பேனை வரவில்லை, நீ வெட்டித் தந்த கறுப்பு ரப்பர் வளையம் வந்தது. பழைய சைக்கிள் ரியூபைக் குறுக்காக வெட்டி, களிசான் கால் சங்கிலிக்குள் சிக்காமல் கணுக்காலில் மாட்டிக்கொள்வாயே, அதுதான். முகர்ந்து பார்த்தேன். ரப்பர், கிரீஸ், கொஞ்சம் வாவிச் சேறு. பக்கத்திலிருந்த பேராசிரியை தன் கதிரையைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நீ மேற்கே படுவான்கரை, நான் கிழக்கே எழுவான்கரை. நடுவில் வாவி. வளாகம் என் கரையில் இருந்தது. பொருளியல் துறையில் இருவரும் ஒன்றாக விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். உன் ஊரிலிருந்து வருவதற்கு இரண்டு வழி. ஒன்று பாலத்தைச் சுற்றிவரும் தார் ரோட்டு. மற்றது பாதை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் குறுக்கே கடக்கும் மிதவையை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வது. வரிச்சலுகைப் பெர்மிட்டில் எடுத்த வெள்ளை வாகனத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, நீ பாலத்தால் வந்தாய். உன் ஊர்ப் பிள்ளைகள் பாதையால் வந்தார்கள்.

பாதை எங்கள் துறையடியில் வந்து முட்டும்போது எட்டு மணி. முதல் வகுப்பும் எட்டு மணி. துறையடியிலிருந்து எப்படி மிதித்தாலும் மண்டபத்துக்கு எட்டேகால்தான். எட்டுக்குக் கதவைச் சாத்துவது வளாகத்தின் விதி. அதற்கு முந்திய பாதை மீன்காரருக்காக இருட்டோடே போய்விடும்.

உன் வகுப்பில், சாத்திய கதவுக்கு வெளியே உன் ஊர்ப் பிள்ளை கலைவாணி நின்றது நினைவிருக்கிறதா? வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

"சேர், வரவு குறைஞ்சா சோதின எழுத விடமாட்டாங்களாம். ஒண்டு மோட்டச்சைக்கிள் எடு, இல்லாட்டிப் படிப்ப விட்டுட்டு வீட்ட இரி எண்டு அப்பா சொல்றாரு. மோட்டச்சைக்கிள் எடுக்க நாங்க எங்க போற?"

அன்று மதியம் நீ சாப்பிடவில்லை. உன் சாப்பாட்டுப் பார்சலை நான்தான் சாப்பிட்டேன். கவலை எனக்கும் இருந்தது, ஆனால் அது சுறாப் புட்டு.

வளாகத்தில் அப்போது பசுமைப் பயணக் குழு ஒன்று இருந்தது. எல்லோரையும் வாகனத்தை விட்டுச் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் மாற்றுவது அதன் நோக்கம். நீ அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் வகுப்பைக் கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்குங்கள், ஏற்கெனவே சைக்கிளில் வருகிற பிள்ளைகள் சைக்கிளிலேயே வந்துகொண்டிருப்பார்கள். தலைவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பிறகு, இது பயணத்துக்கான குழு, வகுப்பு நேரசூசிக்கு வேறு குழு இருக்கிறது என்றார். நேரசூசிக் குழுவிடம் போனாய். இது பயணம் சம்பந்தமான விடயம் என்றார்கள். இரண்டுக்கும் அவரே தலைவர்.

பதிலுக்குப் பசுமைப் பயண நாள் வந்தது. அனைவரும் துவிச்சக்கரவண்டியில் சமுகமளிக்குமாறு சுற்றறிக்கை. பலரிடம் சைக்கிள் இல்லாததால் காத்தான்குடியிலிருந்து ஒரு சின்னப் பட்டா லொறியில் புதுச் சைக்கிள்கள் வந்து வாசலில் இறங்கின. விரிவுரையாளர்கள் தத்தம் வாகனங்களில் வந்து இறங்கி, பச்சை ரீசேர்ட் மாட்டி, வாசலிலிருந்து மண்டபம்வரை ஓட்டினார்கள். நீயும் நானும் ஓட்டினோம். உன் சைக்கிளில் பொலித்தீன் உறைகூடக் கழற்றியிருக்கவில்லை. மண்டப வாசலில் வரிசையாகப் படத்துக்கு நிற்கும் நேரம் பார்த்து, பாதைப் பிள்ளைகள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். போட்டோக்காரர் கையை வீசினார்.

"தம்பி தங்கச்சிமார், கொஞ்சம் அங்கால போங்க. சைக்கிள்ல வந்த ஆக்கள் படத்துக்கு நிக்கிறாங்க."

அவர்களும் அங்கால போனார்கள். நீ என் காதோரம் குனிந்தாய்.

"மச்சான், அப்ப இவங்க என்னத்துல வந்த?"

நான் சிரித்தேன். அந்தப் படத்தில் பல் தெரிய நிற்பவன் நான் மட்டும்தான். நீ சிரிக்கவில்லை.

அடுத்த திங்கள் உன் வாகனம் வீட்டு மாமரத்தின் கீழ் நின்றுவிட்டது. நீ ஒரு பழைய சைக்கிளோடு பாதையில் ஏறினாய். உன் திட்டத்தை இரண்டு வரியில் எனக்கு விளங்கப்படுத்தினாய். "பாதை பிந்தினா நானும் பிந்துவன். நான் வராம ஆர்றா பாடம் எடுக்கிற?" பல்கலைக்கழகத்தில் அதுவரை நான் கேட்ட எந்தக் கொள்கை விளக்கமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிறு உன் வீட்டில் தங்கி, மறுநாள் உன்னோடு வந்தேன். உன் கரைத் துறையடியில் நீ குனிந்து என் களிசான் காலை மடித்து வளையம் மாட்டினாய். இரண்டும் கோணலாக வெட்டியிருந்தன. நேராக வெட்ட உனக்குக் கடைசிவரை வரவில்லை. பாதை அசைந்ததும் நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூடையோடு நின்ற மீன்காரி உன்னிடம் கேட்டாள்.

"ஆரு தம்பி இவரு, டவுண் ஆளா?"

"ஓம்கா. படிச்ச ஆள்."

"அதான் பாத்தன். கம்பிய விட்டுட்டு நில்லுங்க தம்பி, பாதை உங்கள விட்டுட்டு ஓடாது."

பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கலைவாணிதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள். நீ பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, அக்கரை வரும்வரை கிரிக்கெட்தான் பேசினாய். இறங்கியதும் எல்லோரும் கூட்டமாக மிதித்தோம். எட்டேகாலுக்கு நீ உள்ளே போனாய், பின்னாலேயே அவர்கள் போனார்கள். கதவை நீயே சாத்தினாய்.

பிந்தி வருவதற்கு விளக்கம் கேட்டார்கள். 'மாணவர்கள் வந்த நேரத்துக்கே வந்தேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாய். அந்த வருடம் கலைவாணி சோதனை எழுதினாள். உன் வாகனத்தின் கீழ் கோழி அடைகாத்தது.

வந்த மாரியில் வெறும் காய்ச்சல் என்றுதான் படுத்தாய். உன் செத்தவீட்டுக்குப் பாதையால் வந்தேன். கம்பியைப் பிடிக்கவில்லை. மீன்காரி பார்த்துவிட்டு, கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

உன் வகுப்பை எனக்குத் தந்தார்கள். எழுவான்கரையில் இருக்கிற எனக்குப் பிந்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. முதல் நாள் எட்டு மணிக்கு மண்டபத்தில் நின்றேன். அரைவாசிக் கதிரை வெறுமை. ஊழியர் கதவில் கை வைத்துக்கொண்டு, "சேர், சாத்தவா?" என்றார்.

"நான் இன்னும் வரல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நடந்தே துறையடிக்குப் போனேன். மறுநாளிலிருந்து என் மகனின் சைக்கிளில். எனக்கும் விளக்கம் கேட்டார்கள். உன் வரியையே எழுதிக் கொடுத்தேன். இந்த வளாகத்தில் பிடிபடாமல் போன கருத்துத் திருட்டுகளில் அதுவும் ஒன்று.

இந்தத் தவணை முதல் வகுப்பு எட்டேகாலுக்கு மாறிவிட்டது, மச்சான். நீ வென்றுவிட்டாய். காலையில் வாகனம் நிறுத்த இடம் தேடித் தேடி விரிவுரையாளர்கள் பிந்துகிறார்கள் என்பதுதான் காரணம். படுவான்கரைப் பிள்ளைகள் சைக்கிளில் நேரத்துக்கு வருவதைப் பசுமைக் குழுவின் சாதனையாக இன்று திரையில் காட்டினார்கள். படத்தில் பச்சை ரீசேர்ட்டுகள் நின்றன. பல் தெரிய நானும் நின்றேன்.

இனி நான் துறையடிக்குப் போகத் தேவையில்லை. ஆனாலும் போகிறேன். கலைவாணி இப்போது எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளர். இன்று காலை பாதையிலிருந்து இறங்கியதும், "இப்பதான் எட்டேகாலாச்சே, மறுகா என்னத்துக்கு சேர் இஞ்ச வந்து நிக்கிறீங்க?" என்றாள். அவளுடைய சல்வார்க் கால் சங்கிலியில் கிழிந்திருந்தது. இரண்டு வளையத்தில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோணலா இரிக்கு. நம்மட சேர்ட வெட்டு."

அதை மாட்டிக்கொண்டு, என்னை முந்திப் போய்விட்டாள்.

மற்றதைத்தான் பொக்கற்றில் போட்டிருந்தேன். கூட்டம் முடியும்வரை அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன், அன்று பாதையில் கம்பியைப் பிடித்திருந்தது போல. விட்டுவிட்டு நிற்கச் சொல்ல யாரும் இல்லை.