ராணிக்குப் பதிலாகக் குதித்தவள்

மார்ச் 3, திங்கள்

மகள் வந்திருந்தாள். ராணி படத்தின் இரண்டாம் பாகம் வெள்ளிக்கிழமை வெளியாகிறதாம். வாசலில் நின்றபடியே இரண்டு டிக்கெட்டை அம்மாவிடம் கொடுத்தாள். என்னிடம் "வரேன்ப்பா" மட்டும். பத்து மாதமாக எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

"நீங்களும் வரணும்" என்றாள் மனைவி. நான் செய்தித்தாளை எடுத்து விரித்தேன்.

மார்ச் 4

இருபத்தாறு வருடமாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். எத்தனையோ முறிவுகளைப் பார்த்தவன். போன மே மாதம் மகளின் தோளையே படமெடுக்க வேண்டி வந்தது. காறை எலும்பு இரண்டு துண்டு. ராணியாக நடிப்பவருக்குப் பதிலாக, கோட்டைச் சுவரிலிருந்து குதிரையோடு ஆற்றில் குதித்ததில் வந்த வினை.

"இதோட விட்டுடும்மா."

"எலும்பு கூடினதும் போவேன்ப்பா. அந்த ஷாட் இன்னும் சரியா வரல."

"அப்போ என்கிட்ட பேசாத."

பெற்றவன் பேசுகிற பேச்சா அது?

மார்ச் 6

போவதா, வேண்டாமா? தெரியவில்லை. சட்டைக்கு இஸ்திரி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

போனேன்.

முதல் பாகம் மாதிரி இல்லை. அதில் ராணி ஓரிடத்தில் நிற்கமாட்டாள். இதில் முக்கால்வாசி நேரம் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். அவள் ஓய்ந்தால் மந்திரி பேசுகிறார். பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார். அவர்மேல் தப்பில்லை.

பிறகு அந்தச் சுவர் வந்தது. கீழே ஆறு. குதிரை தயங்குகிறது. ராணியின் முதுகு மட்டும் தெரிகிறது — ராணியாவது! என் மகளின் முதுகு. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. முறிந்து கூடிய இடம். அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பாய்ந்தாள். குறட்டை நின்றது. கூட்டம் விசிலடித்தது. நான் எப்போது எழுந்து நின்றேன்?

"பெருசு, உக்காருங்க!"

மனைவி அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மொத்தம் பதினைந்து நொடி இருக்குமா? இதற்காகவா மறுபடி போனாள்? ஆமாம், இதற்காகத்தான். தன் வயிற்றில் பிறந்த பிடிவாதம் என்று மனைவி சொல்கிறாள். யார் வயிறாக இருந்தால் என்ன, மார்பு விம்மியது எனக்குத்தான்.

மார்ச் 8

நானே போன் செய்தேன். எடுத்ததுமே, "படம் நல்லா இல்லல்ல?" என்றாள். விமர்சனம் எல்லாம் படித்திருப்பாள். குரலில் சுரத்தில்லை.

பொய் சொல்ல வரவில்லை. "கொஞ்சம் இழுவைதான்மா. ஆனா நீ குதிச்சப்போ நான் எழுந்து நின்னுட்டேன்."

"தியேட்டர்லயா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. திட்டும் வாங்கினேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"தோள் வலிக்குதா?"

"குளிர்ல மட்டும்."

"அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. சாயங்காலம் வீட்டுக்கு வா."

வந்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

மார்ச் 12

இருமலோடு ஒருவர் வந்தார். நெஞ்சு எக்ஸ்ரே. சும்மா நிற்காமல், "அந்த ராணி படம் பாத்தீங்களா சார்? அதுக்கு உங்க ரூம்ல நிக்கிறதே தேவலாம்" என்றார்.

"உண்மைதாங்க. ஆனா குதிரையோட ஆத்துல குதிக்கிறது இருக்கே, அது எம்பொண்ணு. ம், மூச்ச இழுத்துப் பிடிங்க."

சடாரென்று திரும்பிவிட்டார். படம் கலங்கிப்போனது. இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை சொல்லவும் வேண்டியதாயிற்று.