சமையலறைக்குக் கீழே உருகும் மண்

மே 19
நான் சமைக்கும் பள்ளிச் சமையலறையின் கதவு மறுபடி சிக்குகிறது. இந்த வசந்தத்தில் மூன்று தடவை இழைத்தாகிவிட்டது. ஊர்த் தலைவர் கவ்ரில் வந்து பார்த்தார். "மரம் ஊதியிருக்கும் அகுலினா. இதுக்கெல்லாமா பயப்படுவ?" என்று சிரித்தார்.

மே 24
மார்ஃபா அக்கா வந்தார். முப்பது வருடமாக சைபீரியாவில் எங்கள் யாகூத்தியாவின் உறைந்த மண்ணுக்கு வெப்பம் பார்க்கிறவர். சமையலறைக்குப் பின்னால் புதைத்திருக்கும் குழாய்க்குள் வெப்பமானிக் கம்பியை இறக்கிவிட்டு வெகுநேரம் குந்தியிருந்தார்.
"பள்ளிக்கூடம் கட்டும்போது மைனஸ் மூணு டிகிரி. இப்ப பூஜ்யத்துக்கு வந்து நிக்குது. அடியில இருக்குற பனிக்கட்டி உருகுது."
"எல்லா இடத்துலயும்தான் உருகுது!"
"அதான் பயமே. எத்தனையோ ஆயிரம் வருஷமா உறைஞ்சு கெடந்த புல்லும் வேரும் இப்ப அழுகுது. அந்த வாயு மேல போயி உலகத்தையே இன்னும் சூடாக்குது. சூடானா இன்னும் உருகும். நம்ம கொல்லையில நடக்குறது நம்ம கொல்லையோட நிக்காது, அகுலினா."

மே 25
மார்ஃபா அக்கா பள்ளியை மூடச் சொல்கிறாராம். அப்போ என் வேலை? இந்த அம்மாவுக்கு என்ன வந்தது!

மே 30
ஊர்க்கூட்டம். கவ்ரில் பழைய காகிதம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இந்த எடம் உறுதின்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீங்கதானே?" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும்தான் — எழுதவே கூசுகிறது.
மார்ஃபா அக்கா எழுந்தார். "என் கையெழுத்துதான். நூறு வருஷம் தாங்கும்னு நெனச்சேன். தப்பாப் போச்சு. அந்தத் தப்புக்கு உங்க புள்ளைங்க ஏன் ஆபத்துல உக்காரணும்?"
சிரிப்பு நின்றது. அத்தனை பேர் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? ஒருநாளும் மாட்டேன்.
"அப்ப புள்ளைங்க எங்க படிக்கும்?" என்று நான்தான் கத்தினேன்.
"என் வீட்டுல. மேட்டு மணல்ல நிக்குது, அடியில பனிக்கட்டி கம்மி. அதையும் அளந்துட்டேன். ரெண்டு குளிர்காலம் தாங்கும். அதுக்கு மேல சத்தியம் பண்ண மாட்டேன்."

ஜூன் 8
கை தூக்கச் சொன்னார்கள். மூடலாம் என்றவர்கள் நான்கு பேர் அதிகம். அதில் ஒரு கை என்னுடையது.

செப்டம்பர் 1
மார்ஃபா அக்கா வீட்டில் மூன்று அறையிலும் வகுப்பு. அவருடைய கட்டில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சின்ன அறைக்குப் போய்விட்டது. கேட்டால், "மாடு கணக்குப் பாடம் கத்தாது, நிம்மதி" என்கிறார்.

செப்டம்பர் 16
காலை பதினொன்றரை. பழைய சமையலறை மூலையோடு உள்ளே இறங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் அடுப்பு பள்ளத்தில், சேற்றுத் தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தது. பள்ளியை மூடாமல் இருந்திருந்தால், அந்த நேரத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் அங்கேதான் சூப் ஊற்றிக்கொண்டிருப்பேன்.
சேத்துலயே மண்டிபோட்டு எட்டிப் பார்த்தேன். யாருமில்ல. உள்ள யாருமே இல்ல.
மார்ஃபா அக்கா வந்தார். பள்ளத்தின் ஆழத்தை அளந்தார். பிறகு என் முழங்கால் சேற்றைத் துடைத்துவிட்டார்.

அக்டோபர் 12
மேட்டில் புதுப் பள்ளிக்கு இரும்புத் தூண்கள் இறக்குகிறார்கள். மண் இறங்கினால் உயர்த்திக்கொள்ளும்படியான தூண்கள்.
மதியம் மார்ஃபா அக்கா வீட்டில் குதிரைக்கறி சூப். பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் மார்ஃபா அக்கா கிண்ணத்தோடு நின்றார்.
"உக்காருங்கக்கா, நான் கொண்டாறேன்."
"வரிசைன்னா வரிசைதான்."
அவருக்குப் பின்னால் கவ்ரில், தொப்பியைக் கையில் பிடித்தபடி.