என் மதிலில் கேட் கிடையாது

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று உங்கள் குரல் கேட்டது.

"வணக்கம், என் அன்பு உறவுகளே. நீங்கள் என்மீது காட்டிய பாசத்துக்கு நன்றி. எல்லோரும் ஒற்றுமையாக இருங்கள். நமது நகர் நலச் சங்கம் எடுக்கும் நல்ல முயற்சிகளுக்கு ஒத்துழைப்புக் கொடுங்கள்."

கரண்டியோடு ஓடிப் போய்ப் பார்த்தேன். பட்டுச்சேலை கட்டி, தலையைப் படிய வாரி, கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தபடி நீங்கள் திரைக்குள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கீழே 'முதலாம் ஆண்டு நினைவு' என்று எழுதியிருந்தது. பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன், பழைய படம் ஒன்றையும் பழைய குரலையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துச் செய்ய வைத்திருக்கிறான். அடுப்பில் தோசை கருகிப் போனது.

நீங்களாவது, நன்றி சொல்வதாவது! நான் கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்து தந்தால், "உப்பு கூடிட்டுட்டி" என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவீர்கள். கிண்ணத்தைக் கழுவாமல்தான் திருப்பித் தருவீர்கள். அதுதான் உங்கள் நன்றி என்று நான் எடுத்துக்கொள்வேன். நகரின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டவருக்கு, "விடிஞ்சது எனக்கும் தெரியும் அண்ணாச்சி" என்று பதில் போட்ட ஆள் நீங்கள். உங்களைப் போய் 'அன்பு உறவுகளே' என்று சொல்ல வைத்துவிட்டார்கள்.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. நீங்களும் இல்லை. மிக்சி, வாஷிங் மெஷின், கைபேசியில் பணம் அனுப்புவது, எல்லாவற்றையும் நம் தெருவில் முதலில் பழகியது நீங்கள்தான். ஏரலில் இருந்து வந்திருந்த உங்கள் சொந்தக்காரர் ஒருவர், அம்மியில் அரைத்தால்தான் துவையல் ருசி என்று பேச்செடுத்தார். "அம்மி அங்கன கிடக்கு. வாரும், உக்காந்து அரையும்" என்றீர்கள். அவர் மிக்சித் துவையலையே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உங்களுக்குக் கருத்து இல்லாத விஷயமே உலகத்தில் கிடையாது. கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் கேமரா பறந்தால் அதற்கு ஒரு கருத்து. பாவத்தைத் தொலைக்க ஆற்றில் குளித்துவிட்டு உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து, "பாவத்தத் தொலைக்க வந்தவங்க வேட்டியயும் தொலைச்சிட்டுப் போறாவ. ஆறு என்னட்டி பண்ணிச்சு?" என்பீர்கள். நம் ஊர் அல்வாவைப் பற்றிக்கூட, "வெளியூர்க்காரன் வரிசையில நிக்கான்னு நாமளும் அத நல்லாருக்குன்னு சொல்லுதோம்" என்று சொன்னவர் நீங்கள். அதை மட்டும் நான் மனசுக்குள் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் வெளியே சொன்னதும் இல்லை. உங்கள் கருத்தே இரண்டு பேருக்குப் போதும் என்று பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

டவுணில் சேலை எடுத்துவிட்டு நாம் ஜங்ஷன் பஸ்ஸில் ஏறிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த புதிது. சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், நமக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ஓசியில வாராவ. உக்கார இடம் வேற கேக்காவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் திரும்பவில்லை. "அண்ணாச்சி, காலைல வீட்டுல சாப்பிட்டுத்தான வாரிய? அந்தச் சாப்பாட்டுக்கு டிக்கெட் எடுத்தியளா?" என்று கேட்டீர்கள். நடத்துநர் உட்பட பஸ்ஸே சிரித்தது.

இப்படிப்பட்ட உங்களைத்தான் சங்கத்துக்கு ஒத்துழைப்புக் கொடுக்கச் சொல்லிப் பேச வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரி எனக்கு உறுத்தியது. சங்கம் இப்போது எதற்கு ஒத்துழைப்புக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பாதையை அடைக்கிற அதே கேட்தான்.

நம் இரண்டு வீட்டு மதிலுக்கும் நடுவே போகிற முடுக்கு அப்படி யார் கண்ணை உறுத்துகிறதோ! ஒரு முனையில் வாய்க்கால் பாலம், மறு முனையில் பஸ் நிற்கிற ரோடு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். நம் நகர் வருவதற்கு முன்பே அவர்கள் தெருவும் இருந்தது, இந்தப் பாதையும் இருந்தது. இதை அடைத்தால் ரைஸ் மில்லைச் சுற்றிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். முதலில் ஒரு சைக்கிள் களவு போனதாகச் சொல்லித்தான் கேட் பேச்சு வந்தது. அந்த சைக்கிளை, களவு போனதாகச் சொன்னவரின் மகனே கடைவாசலில் மறந்துவிட்டு வந்திருந்தான். சைக்கிள் கிடைத்துவிட்டது. கேட் யோசனை மட்டும் போகவில்லை.

அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் சொன்னார். "யார் யாரோ வாராவ. யாருன்னே தெரிய மாட்டேங்கு."

நீங்கள் எழுந்து நின்றீர்கள். "யாருன்னு தெரியாமயா கேட்டு போடுதிய? நல்லாத் தெரிஞ்சுதான போடுதிய?"

யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. நீங்கள் இருக்கும்வரை அந்தப் பேச்சை அவர்கள் மறுபடி எடுக்கவே இல்லை.

வீடியோவைப் பார்த்த கையோடு உங்கள் மகனைக் கூப்பிட்டேன். நல்லா நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் எடுத்ததும், "அத்தை, பாத்தீங்களா? அம்மா எப்படி இருக்காங்க?" என்று ஆசையாகக் கேட்டான். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"அம்மா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ தேடினேன் அத்தை. ஆதார் அட்டையில இருந்து கல்யாண ஆல்பம் வரைக்கும் முறைச்சுக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவை சிரிச்சுப் பாக்கணும்னு தோணிச்சு."

"சங்கத்தப் பத்தி எதுக்குப்பா போட்ட?"

"செயலாளர் மாமா பொதுவா ஒரு வரி கேட்டாங்க. கேட்டுக்கு எங்க மதில்ல தூண் வைக்கவும் சரின்னு சொல்லிட்டேன். அம்மாவும் கடைசில ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னாரே?"

கடைசியில் ஒத்துக்கொண்டீர்களாம்! ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தபோதும் டி.வி.யில் செய்தி வாசித்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நீங்கள்! நான் போனை வைத்துவிட்டேன். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அம்மா சிரிக்கவேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவதில் என்ன தப்பு? அந்த ஆசையைக் கேட்டுக்குக் கொக்கியாக்கியவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அன்று சாயங்காலமே சங்கக் கட்டடத்தில் கூட்டம். விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் உங்களைப் பெரிதாகக் காட்டினார்கள். பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். என்ன இருந்தாலும் உங்கள் குரல் இல்லையா, மனசு கேட்கவில்லை. விளக்கைப் போட்டதும் செயலாளர் எழுந்தார். "அக்காவே சொல்லிட்டாங்க. இனிமே என்ன? கேட்டுக்குச் சம்மதம் உள்ளவங்க கையத் தூக்குங்க."

வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. நான் கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? உக்காருட்டி."

'மதினி இருந்தா என்ன சொல்லியிருப்பாவ தெரியுமா?' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அந்தச் சுவரில் நடந்ததும் அதுதானே? இல்லாத உங்கள் வாயில் அவர்கள் ஒரு பேச்சை வைத்தார்கள். நானும் ஒன்றை வைத்தால் எனக்கும் அந்த மெஷினுக்கும் என்ன வித்தியாசம்? உங்களை விட்டுவிட்டால் எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, மதினிய விடுங்க" என்றேன். "அவுக சொல்ல வேண்டியத உயிரோட இருக்கும்போதே இங்கன நின்னு சொல்லிட்டாவ. எல்லாரும் கேட்டிய. இப்போ நான் சொல்லுதேன். அது எல்லாரும் நடக்குத பாதை. அத அடைக்கக் கூடாது. கேட்டுக்கு ஒரு தூணு என் மதில்ல வரணும்லா? வராது."

செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி, இத்தன பேரு கையத் தூக்கியாச்சே."

"கை அவுகளுது. மதிலு என்னுது."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்ன வே, நீரு ஒண்ணும் சொல்லாம இருக்கீரு?"

என் வீட்டுக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "வீடு அவ பேருல இருக்கு வே" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். வெளியே வரும்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு மருமகப் பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மாமியார் பார்ப்பதற்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து என் கைபேசியில் தேடினேன். நீங்கள் எப்போதோ அனுப்பிய குரல்பதிவு ஒன்று கிடைத்தது. "ஏட்டி, மோட்டாரப் போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்ச? டேங்க் நிறைஞ்சு தண்ணி தெருவுல ஓடுது. ஆத்துத் தண்ணி என்ன உங்க அப்பன் வீட்டுதா?" அவ்வளவுதான். வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. அதை உங்கள் மகனுக்கு அனுப்பி வைத்தேன். கூட, நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் கூப்பிட்டான். பேச முடியாமல் அழுதான். அழுகைக்கு நடுவே சிரித்தான். "இதுதான் அத்தை, இதுதான் எங்கம்மா" என்றான். உங்கள் வீட்டு மதில் விஷயத்தையும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். யோசிக்கட்டும். அவன் என்ன சொன்னாலும் என் பக்கம் தூண் வராது.

மறுநாள் கேட் செய்கிறவர் டேப்போடு வந்து நின்றார். யாரும் அவரிடம் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது. "அம்மா, தூணு எங்கன வரணும்?" என்று கேட்டார். "இங்கன ஒண்ணும் வராது, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் கையில் தூக்குச்சட்டியோடு முடுக்குக்குள் வந்தாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் எதற்காகப் பார்க்க வேண்டும்? பாதை இருக்கிறது, நடக்கிறாள்.

மதினி, இப்போது செயலாளர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூன்று வீடுகளில் என்னோடு பேச்சு நின்றுபோனது. குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் இந்தத் தெருவில் யாராவது என்னை முறைத்தால் அது உங்களால் இருக்கும், உங்கள் பக்கத்தில் நின்றதற்காக. இவர்கள் அப்படி இல்லை. இந்த விரோதமெல்லாம் நானே வாய் திறந்து சம்பாதித்தது. இதில் ஒன்றைக்கூட நான் யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை.