சுருட்டு மேசையில் வாசித்த கதை

ஹிஹோன், ஸ்பெயின், மார்ச் 3, 1884
அம்மா வேலை செய்யும் சுருட்டு ஆலையில் புதுத் தொடர்கதை தொடங்கிவிட்டார்கள். சபினா வாசிக்கிறாள், அவள் பங்குச் சுருட்டை மற்ற பெண்கள் சுற்றித் தருகிறார்கள். எழுதுபவர் தோன்யா லியோகாதியா. மத்ரீதில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது நான் கூலிக்குக் கதைகளை நகலெடுத்துக் கொடுத்த அதே அம்மையார். "உன் எசமானியம்மா கதைன்னதும் எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்கடி!" அம்மாவுக்கு ஒரே பெருமை.

மார்ச் 10
கதாநாயகி சுருட்டுச் சுற்றுபவளாம். வலது காது கேட்காதாம். அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மத்ரீதில் ஒரு மதியம் அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன் அம்மா ஓர் ஆண் குழந்தை பெற்றதை, முகம் காட்டாமல் குழந்தையை விட்டுப்போக அனாதை இல்லச் சுவரில் வைத்திருக்கும் சுழல்பெட்டியில் அவனை வைத்துவிட்டு வந்ததை. சித்தி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. என் பேச்சை அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை — அதற்காகவா சொன்னேன்?

மார்ச் 15
புத்தகக் கடையில் அடுத்த பகுதி. நின்றபடியே படித்தேன். சுழல்பெட்டி வந்துவிட்டது.
சபினாவிடம் ஓடி, அந்தப் பக்கங்களை விட்டுவிடு என்றேன். "தாண்டி வாசிக்கிறதா? நாப்பது பேரும் சேந்து என்னையே சுருட்டிப் பத்த வச்சிருவாளுக! டீச்சரம்மாவுக்கு என்ன பயம்?"
வேலை இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 17
இன்று வாசித்திருப்பார்கள். வகுப்பில் கூட்டலைத் தப்பாகப் போட்டேன். ஒரு சிறுமி திருத்தினாள். அம்மா வந்தாள். மத்தி மீனைக் கழுவினாள். ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 18
இன்றும் இல்லை. திட்டித் தொலையேன் அம்மா.

மார்ச் 23
தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் மேசையைத் துடைத்து, மைக்கூட்டை என் முன் வைத்தாள்.
"அந்தக் கதை இன்னும் முடியலையாமே? நெசமா?"
"ஆமாம்மா. வாரா வாரம் எழுதுவாங்க."
"அப்ப அந்தம்மாவுக்குக் கடுதாசி போடு. அந்தப் புள்ள சாகக் கூடாது."
"அம்மா, நான்தான் —"
"தெரியும். உன்னை அப்புறம் வச்சுக்கிறேன். மொதல்ல எழுது."
எழுதினேன். தலை நிமிரவில்லை.
"பேரில்லாத புள்ளைன்னு போட்டிருக்கா. தப்பு. நான் பேரு வச்சுத்தான் விட்டேன். எலாதியோ."
அதையும் எழுதினேன். ஈரம் காயாத தாளின் மேல் குனிந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.
"இதுல எதுடி அவன் பேரு?"
விரல் வைத்துக் காட்டினேன்.