விதைக்கு எடுத்து வைத்த வால்நட்

ஆகஸ்ட் 11
காலையில் மேகம் இறங்கி எதிர்வீட்டை மூடிவிட்டது. நான் மட்டும் மிதப்பதுபோல் இருந்தது. நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்ததிலிருந்து இப்படித்தான், பகலிலேயே கனவு.

பேத்தி ரோகிணி திண்டுக்கல்லில் நர்ஸ். எங்கள் வம்சத்தில் அந்த உடுப்பு போட்ட முதல் ஆள். ஓட்டோடு ஒரு பை வால்நட் கொடுத்துவிட்டிருக்கிறாள். போனில் சொன்னாள்: "மாத்திரையோட தினம் ரெண்டு திங்கணும் அப்பத்தா. மூணு மாசத்துல டாக்டர் பாத்துட்டுத்தான் நீ பூண்டுக் காட்டுக்குப் போகலாமா, இல்ல எங்கூடக் கீழ வந்துரணுமான்னு சொல்லுவாரு."

மலையை விட்டுக் கீழேயா? அந்த வெக்கையில் நானா?

ஆகஸ்ட் 13
பையைக் கொட்டினேன். கை தானாகவே பிரித்துவிட்டது. பூண்டில் நாங்கள் அப்படித்தானே: பருத்தது விதைக்கு, சிறுத்தது சட்டிக்கு. பருத்ததைத் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகளோடு புகையில் தொங்கவிட்டேன்.

சிறியதை உடைத்தால் உள்ளே நம் மலை மாதிரியே மடிப்பு மடிப்பாக.

செப்டம்பர் 2
சிறியவை தீர்ந்துவிட்டன. விதையில் கை வைப்பதா? ரோகிணி கேட்டதற்கு, "தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். பொய். அஞ்சாப்பு வரை முதலாவதாக வந்தவளுக்கு இதைக்கூடச் சொல்லித்தரணுமா என்று ஒரு வீம்பு.

செப்டம்பர் 9
கனவில் மேல்காடு முழுக்க வால்நட் மரம். நிழலில் கொலுசுக் காலோடு ஒரு குட்டிப்பெண் ஓடினாள். முகம் பார்ப்பதற்குள் விடிந்துவிட்டது.

செப்டம்பர் 21
ரோகிணி வந்தாள். பூண்டு எடுக்கப் போனவள் முடிச்சோடு திரும்பினாள்.

"என்ன அப்பத்தா இது?"

"விதை."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "டாக்டர் திங்கச் சொன்னா, இவ தோட்டம் போடப் பாத்திருக்கா!"

அவள் சிரிக்கவில்லை. "காய்க்க எத்தன வருசம் ஆகும்?"

"பத்து வருசமாவது ஆகும்டி. ஒம் பிள்ளைக திங்கும்."

"அதுகளுக்கு மரம் போதுமா? நீ வேணாமா?"

ஏன் இது எனக்குத் தோணாமப் போச்சு — இம்புட்டு மூளை இருந்தும்?

முடிச்சை நானே அவிழ்த்தேன்.

நவம்பர் 14
நேற்று டாக்டர், "காட்டுக்குப் போங்க. மெதுவா. தனியாப் போகாதீங்க" என்றார்.

இன்று பூண்டு ஊன்ற ஏறினோம். மேகம் முழங்கால் வரை. கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. கலியாணமான நாளிலிருந்து எனக்காக நின்றே பழகாதவர், பாதி ஏற்றத்தில் நின்றார்.

"என்னங்க, முடியலையா?"

"மூச்சு வாங்குது. செத்த நேரம் நிப்போம்."

அவருக்கு வாங்கவில்லை. எனக்குத்தான். பக்கத்தில் போய் நின்றேன்.