நானே குளிப்பாட்டினேன்

பாளையங்கோட்டை,
1912 ஆகஸ்டு 9.

அக்காவுக்குத் தங்கை எழுதுகிறேன்.

அம்மாவை நேற்று அடக்கம் செய்தோம். அப்பாவின் தந்தியில் இல்லாத ஒன்றை, அவருக்கே தெரியாத ஒன்றை, உனக்குச் சொல்ல வேண்டும்.

சாகும்வரை அம்மா தன் வயிற்றுக் கட்டியை எந்த டாக்டருக்கும் காட்டவில்லை; ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் டாக்டரம்மாவைத் தொட விடவில்லை. போன வாரம் என்னிடம், "செத்த பொறவு வெக்கம் என்னட்டி? ஒன் அக்கா படிக்குத மாரி இங்கன ஆஸ்பத்திரில படிக்குத புள்ளைக என்னய அறுத்துப் பாக்கட்டும். ஒங்க அப்பாட்ட மூச்சு விட்ராத" என்றாள். டாக்டரம்மாவிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உயிர் போனதும் அப்பா சவப்பெட்டி செய்யச் சொல்லப் போனார். அந்த நேரத்தில் டாக்டரம்மா நான்கு மாணவிகளுக்கு அம்மாவைத் திறந்து காட்டிவிட்டுத் தைத்தார்கள். தையல் யார் கண்ணிலும் படாமல் நானே அங்கேயே குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தினேன்.

வீட்டில் சபைப் பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீரோடு காத்திருந்தார்கள். "எங்க கை படாம எடுக்கதா? வாயே தொறக்காத கழுத, இன்னிக்கு அதிகாரம் பண்ணுதா பாரு" என்றாள் பாக்கியவதி அத்தை. நான் பெட்டியை விட்டு நகரவில்லை.

இப்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவ ஒருத்தியே அவளக் குளிப்பாட்டுனா" என்று சொல்லி அழுகிறார். அவரிடம் மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது. நீ வந்து அவரிடம் சொல், அக்கா. டாக்டருக்குப் படிக்கிற நீ சொன்னால், ஒருவேளை என் கையை விடாமல் கேட்பார்.

உன் தங்கை